மீசையும் பறையும்

ஒரு பாஷையில் மரியாதையாக இருக்கும் சொல், இன்னொரு பாஷையின் காதில் விழும்போது அசிங்கமாகவோ ஹாஸ்யமாகவோ ஆகிவிடுகிற விபத்துகளைப் பற்றி நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் துணுக்குகள்தாம். ஆங்கிலத்தில் பரிசு என்று அர்த்தப்படும் ‘கிஃப்ட்’ ஜெர்மனில் விஷம். ஆங்கிலக் கவிஞர்களுக்கு அத்தனை பிரியமான ‘மிஸ்ட்’ என்ற மூடுபனி, ஜெர்மன் குடியானவனுக்குச் சாணம். கார் கம்பெனிகளும் சோப்புக் கம்பெனிகளும் பிற தேசங்களுக்குப் பெயர் சூட்டிச் சரக்கு அனுப்பி அவமானப்பட்ட கதைகள் ஏராளமாகப் புழங்குகின்றன. அவற்றில் பல யாரோ கட்டிவிட்டவை. சொல்லிச் சிரிப்பதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் சிரித்து முடித்த பிறகும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. இந்த விபத்தில் அடிபட்டது யார்? சொன்னவனா, கேட்டவனா? தமிழ்நாட்டில் இதற்கு ஐநூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது. அதை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்த்தால் துணுக்குகள் வேறு மாதிரித் தெரிகின்றன.

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசியமும் அரைகுறையாகத் தெரிந்த ஆட்களைக் கூட்டி வைத்து ஜெபங்களை மொழிபெயர்க்கச் செய்து, அவற்றை நெட்டுருப் பண்ணி, கடற்கரைக் கிராமங்களில் சொல்லிக்கொண்டு போனார். விசுவாசப் பிரமாணத்தில் ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் அந்த ஆட்கள் ‘எனக்கு வேணும்’ என்று போட்டுவிட்டார்கள். கொஞ்ச காலம் பரவர்கள் ‘கடவுள் எனக்கு வேணும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1544-ல் சவேரியார் தம் சகாவான மான்சில்லாசுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கவனித்துத் திருத்தச் சொல்கிறார். ‘வேணும்’ என்பதை எடுத்துவிட்டு ‘விசுவாசம்’ என்று சொல்லவேண்டும். இன்னொரு இடத்தில், கிறிஸ்து பலவந்தத்தின் பேரில் பாடுபட்டதாக அர்த்தம் தரும் சொல் ஒன்று இருக்கிறது, அதையும் விடவேண்டும். அவர் மனமுவந்து அல்லவா பாடுபட்டார். (மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியதாகச் சொல்லப்படும் ஊரில் உட்கார்ந்து எழுதும் எனக்கு, ‘கடவுள் எனக்கு வேணும்’ என்பது அப்படியொன்றும் பிசகாகப் படவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் வைதிக இறையியலில் தவறிவிட்டார்களே தவிர பக்தியில் தவறவில்லை. போகட்டும்.)

இதைவிடப் பெரிய தர்மசங்கடம் மதுரையில் காத்திருந்தது. 1606-ல் ராபர்ட் தெ நோபிலி அங்கே வந்தபோது, முன்னாள் சிப்பாயான கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் ஏற்கனவே சில வருஷங்களாக ஒரு சிறு கோயிலை நடத்திக்கொண்டிருந்தார். வழிபாட்டுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் போர்த்துகீசிய ‘மிஸ்ஸா’. தமிழ் வாயில் அது மீசை ஆகிவிட்டது. ‘மீசைக்கு நேரமாயிற்று’ என்றும் ‘மீசை முடிந்து வருகிறேன்’ என்றும் வாக்கியங்கள் அமைந்தால் மதுரைத் தெருவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. நோபிலி அதை மாற்றிப் ‘பூசை’ என்றார். இன்றும் கிராமத்துக் கத்தோலிக்கர்கள் திருப்பலியைப் பூசை என்றே சொல்கிறார்கள். ஒரு கேலிச் சிரிப்பு நம் பாஷையின் மத வழக்கில் நானூறு வருஷத்துக்கு ஒரு சொல்லை நிலைநாட்டிவிட்டிருக்கிறது.

மீசை லேசான விஷயம். கனமான விஷயம் ‘பறங்கி’. சிலுவைப் போர்க் காலம் தொட்டு அரபியரும் பாரசீகரும் மேற்கேயிருந்து வருகிறவன் எவனானாலும் அவனை ஃபிராங்க் இனத்தான் என்று கொண்டு ‘ஃபரஞ்சி’ என்றும் ‘ஃபிரங்கி’ என்றும் சொல்லி வந்தார்கள். ஐரோப்பாவில் அது சக்கரவர்த்திகளின் குலப்பெயர். தமிழ்நாட்டுக்கு அது வந்து சேர்ந்தபோது, மாடு தின்று, கள் குடித்து, குளிக்காமல் திரிகிறவனின் ஜாதிப் பெயராக ஆகியிருந்தது. பறங்கிக்காய், பறங்கிப்பேட்டை, பறங்கிமலை எல்லாம் சாதுவானவை. பீரங்கியும் அதே வேரிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் மேகநோய் ஒன்றுக்குப் ‘பறங்கிப்புண்’ என்று பெயர் வைத்தோம். ஒரு ஜனத்தின் பெயரை வியாதிக்கு வைப்பதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை என்பதை இந்தக் கட்டுரையின் பிற்பகுதியைப் படிக்கிறபோது ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

பெர்னாண்டஸ், ஞானஸ்நானம் பெற வருகிறவரிடம் ‘பறங்கிக் குலத்தில் புகுகிறாயா’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். போர்த்துகீசியரின் காதில் அது ‘கிறிஸ்தவனாகிறாயா’ என்ற சாதாரணக் கேள்வி. மதுரைக்காரன் காதில், நீ உன் ஜாதியை விட்டு இழிந்து போகத் தயாரா என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லை என்பதில் என்ன ஆச்சரியம்? நோபிலி அந்த வாசகத்தை நீக்கினார். அதோடு நிறுத்தவில்லை. ‘நான் பறங்கி இல்லை’ என்று பகிரங்கமாக அறிவித்து, காவி தரித்து, சைவ உணவுக்கு மாறி, ரோமாபுரியின் ராஜகுலத்துச் சந்நியாசி என்று தம்மை நிறுவிக்கொண்டார். வழக்கு ரோம் வரை போய், 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்.

நம் இலக்கிய சரித்திரங்களில் இந்த இடம் உரைநடையின் வளர்ச்சி என்ற அத்தியாயத்தில் வரும். நான் பார்ப்பது இன்னொரு பக்கம். நோபிலி அந்த வெட்கத்தை ஒழிக்கவில்லை. தம் மேலிருந்து இறக்கி வைத்தார். பறங்கி இல்லை என்று ஆவதற்கு அவர் முத்துக்குளித்துறைப் பரவர்களோடும் கீழ் ஜாதிகளோடும் சேர்ந்து உட்கார முடியாதவர் ஆனார். அவர்களுக்கென்று 1640 வாக்கில் பண்டார சுவாமிகள் என்று இன்னொரு வகைக் குருமார்களை ஏற்படுத்த வேண்டிவந்தது. ஒரு சொல்லின் அவமானம் இப்படிப் படி இறங்கி, அதைத் தட்டிவிட வழியில்லாதவன் வரைக்கும் வந்துதான் நிற்கிறது.

சவேரியாரையும் நோபிலியையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொது விதி தெரிகிறது. வெட்கப்பட்டவர் சொன்னவர். கேட்டவர்கள் சிரித்தார்கள் அல்லது விலகிப் போனார்கள். கேட்டவர்களின் சம்மதம் சொன்னவருக்குத் தேவையாக இருந்தது. ஆகவே சில வருஷங்களுக்குள் சொல் திருத்தப்பட்டது. ‘வேணும்’ இரண்டே வருஷத்தில் போயிற்று.

ஆங்கிலேயர் காலத்தில் நிலைமை புரள்கிறது. அவர்களுக்கு நம் சம்மதம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஊர்ப் பெயர்களை அவர்கள் கடித்துத் துப்பியது எல்லோருக்கும் தெரிந்ததே. 1767-ல் ஹைதர் அலியோடும் நிஜாமோடும் கம்பெனிப் படை இந்த ஊர்ப்பக்கம் போட்ட சண்டை அவர்களுடைய சரித்திரங்களில் ‘டிரினோமலி’ யுத்தம். அதனால் அண்ணாமலையாருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. சென்னையின் பாலக் கதை கொஞ்சம் வேறு. ஹாமில்டன் என்ற பொறியாளர் கட்டிய பாலம். ஜனங்கள் வாயில் ஹாமில்டன் ‘அம்பட்டன்’ ஆயிற்று. பிறகு ஓர் ஆங்கிலேயர் அம்பட்டன் என்றால் என்ன என்று விசாரித்து, ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று தம் பாஷைக்குத் திரும்ப மொழிபெயர்த்துவிட்டார். 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இது விநோதமான ஒரு திரிபாகப் பதிவாகியிருக்கிறது. சென்னையைப் பற்றி எழுதுகிற ஒவ்வொருவரும் இந்த வேடிக்கையைத் தவறாமல் சொல்கிறார்கள். வேடிக்கை எதில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஹாமில்டன் துரையின் பெயர் தச்சன் என்றோ செட்டி என்றோ திரிந்திருந்தால் இத்தனை சிரிப்பு வந்திருக்குமா? துரை ஒருவர் நாவிதராகிவிட்டார் என்பதே ஹாஸ்யம். சிரிப்பதற்கு வசதியாக ஒரு ஜாதி ஏற்கனவே கீழே கிடந்தது. அந்தச் சொல்லைத் தங்களைக் குறிக்கப் பயன்படுத்தக்கூடாது என்று அந்த மக்களே இன்று சொல்கிறார்கள். துணுக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி ‘பரையா’.

ஆங்கில அகராதி எதையும் எடுங்கள். சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர், எல்லோராலும் வெறுக்கப்படுகிறவர் என்று அர்த்தம் போட்டு, தமிழ்ச் சொல் என்று அடைப்புக் குறிக்குள் மூலம் சொல்லியிருப்பார்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைப் பட்டியல் போட்டுப் பெருமைப்படுகிறவர்கள் கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணியையும் சொல்வார்கள், சுருட்டைச் சொல்வார்கள், காசைச் சொல்வார்கள். இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழும். ஆனால் உலகத்தில் மிக அதிகமாகப் புழங்கும் தமிழ்ச் சொற்களில் இதுவும் ஒன்று.

பறை அடிப்பவர் பறையர் என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட வியுத்பத்தி. பறைதல் என்றால் சொல்லுதல் என்றும் அர்த்தம் உண்டு. மலையாளத்தில் இன்றும் பேசுவதற்கு அதுதான் சொல். புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் சிறந்த குடிகளாக எண்ணும் நான்கில் பறையனும் ஒருவன். சொல்லில் இழிவு ஏதும் இல்லை. பிறகு அந்த மக்களுக்கு இழைக்கப்பட்டதெல்லாம் சொல்லின் மேல் படிந்தது. அந்த வேலையை நாம் செய்தோம். ஐரோப்பியன் வந்து அதைக் கண்டான், எடுத்துக்கொண்டான். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பர்போசா என்ற போர்த்துகீசியர் எழுதிவைத்துவிட்டார். 1613-ல் சாமுவேல் பர்ச்சஸ் மூலமாக ஆங்கில அச்சுக்கு வந்தாயிற்று. அதுவரையிலும் அது ஒரு ஜாதியின் பெயராக, தூர தேசத்துத் தகவலாகத்தான் இருந்தது.

அதைத் தூக்கி விட்டது இலக்கியம்தான். 1791-ல் பிரெஞ்சுக்காரரான பெர்னார்டின் தெ சேன்-பியேர் ‘இந்தியக் குடிசை’ என்றொரு கதை வெளியிட்டார். உண்மையைத் தேடி உலகம் சுற்றும் ஆங்கிலேயப் பண்டிதர் ஒருவர், ஜகந்நாதத்துப் பிராமணத் தலைவரிடம் ஏமாற்றமடைந்து திரும்பும் வழியில் புயலில் சிக்கி ஒரு ‘பரையா’வின் குடிசையில் ஒதுங்குகிறார். தேடிய ஞானம் அங்கே கிடைக்கிறது. நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட கதைதான். புரட்சிக் காலத்து ஐரோப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு அங்கே வருத்தப்படுகிறவர்கள் எல்லோரும் ‘பரையா’ ஆகத் தொடங்கினார்கள். 1821-ல் கசிமீர் தெலவீன் பிரெஞ்சில் நாடகம் எழுதினார். 1823-ல் மிக்கேல் பேர் என்ற யூத நாடகாசிரியர் ஜெர்மனில் அதே தலைப்பில் எழுதி, தம் ஜனத்தின் துயரத்தை அதற்குள் வைத்தார். 1838-ல் புளோரா திரிஸ்தான் என்ற பெண்மணி தம் பெரு தேசப் பயணத்தை ‘ஒரு பரையாவின் யாத்திரைகள்’ என்று வெளியிட்டார்; அவர் சொன்னது, கணவனைப் பிரிந்த பெண்ணுக்குப் பிரெஞ்சு சமூகத்தில் கிடைத்த இடத்தைப் பற்றி. 20-ஆம் நூற்றாண்டில் மாக்ஸ் வேபர் புராதன யூதர்களைப் ‘பரையா ஜனம்’ என்று சாஸ்திரச் சொல்லாகவே ஆக்கிவிட்டார். 1944-ல் ஹன்னா அரெண்ட் அந்தச் சொல்லை எடுத்து ஒரு கௌரவமாகவே சூட்டிக்கொண்டார். ஒரு சொல்லுக்கு இதைவிடப் பெரிய வாழ்வு கிடைக்குமா என்று தோன்றும். ஆனால் இந்த ஊர்வலத்தில் எங்கேயும் தமிழ்நாட்டுப் பறையர் ஒருவர் கூட இல்லை. அவர்களுடைய பெயர் மட்டும் போயிருக்கிறது.

கெதேயை மட்டும் கொஞ்சம் தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டும். 1824-ல் வெளியான அவருடைய ‘பரியா’ என்ற மூன்று கவிதைகளில் நடுவில் உள்ளது ஒரு கதைப் பாட்டு. பிராமணன் மனைவி, கையில் குடமில்லாமல் கற்பின் பலத்தால் தண்ணீரை உருண்டையாகத் திரட்டிக்கொண்டு வருகிறாள், நீரில் ஒரு தேவனின் நிழல் கண்டு மனம் கலங்குகிறாள், தண்ணீர் திரளவில்லை, கணவன் தலையை வெட்டுகிறான், மகன் அவசரத்தில் அவள் தலையைத் தண்டிக்கப்பட்ட இன்னொருத்தியின் உடலோடு பொருத்தி உயிர்ப்பித்துவிடுகிறான். கெதேக்கு இது சோன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782-ல் வெளியிட்ட பயண நூல் வழியாக எட்டியிருக்கிறது. நமக்கு எந்தப் புஸ்தகமும் வேண்டாம். இங்கிருந்து போளூர் தாண்டிப் போனால் படவேடு. அங்கே கருவறையில் இருப்பது ரேணுகாம்பாளின் சிரசு. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அவள்தான் குலதெய்வம். ஆடி மாசத்தில் வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். வைமாரில் அந்தக் கிழவர் எழுதியது மாரியம்மன் கதை. நான் படித்த மட்டில், இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஐரோப்பா எழுதியவற்றில் இது ஒன்றில்தான் சொல்லுக்குப் பின்னால் ஒரு தெய்வமும் ஒரு நிலமும் இருக்கின்றன. அவருடைய கவிதையிலும் அந்த இரண்டாவது பெண் யார், அவள் தலை என்ன ஆயிற்று என்பதற்குப் பதில் கிடையாது. உடம்பு தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள்.

இது ஐரோப்பாவில். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயன் கவிதை எழுதவில்லை. அவன் கண்ணில் பட்ட தெருநாய்க்கு ‘பரையா நாய்’ என்று பெயர் வைத்தான். வானத்தில் வட்டமிட்ட கள்ளப்பருந்துக்கு ‘பரையா பருந்து’. மட்டச் சாராயத்துக்கு ‘பரையா சாராயம்’. இவை மூன்றும் ஹாப்சன்-ஜாப்சனில் தனித் தனிப் பதிவுகள். வேடிக்கை என்னவென்றால், அதே அகராதியில் மூலச் சொல்லுக்கான பதிவு மிகவும் நிதானமாக, இது தமிழ்நாட்டில் மிகப் பெரிய ஜாதிகளில் ஒன்று, பறையிலிருந்து வந்த பெயர், ஜாதியில்லாதவன் என்று ஐரோப்பியர்கள் இதைப் பயன்படுத்துவது தவறு என்று விளக்குகிறது. அதைத் தொகுத்தவர்களில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர், விஷயம் தெரிந்தவர். அவருக்கு முன்பே கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் இதையே சொல்லியிருந்தார். இரண்டு பெரிய அதிகாரிகள் அச்சில் திருத்தியும் ஆங்கிலம் திருந்தவில்லை. சவேரியாரின் ‘வேணும்’ ஒரு கடிதத்தில் போய்விட்டது. இது ஏன் போகவில்லை? இங்கே வெட்கப்பட்டவன் கேட்டவன். சொன்னவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கேட்டவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1893-ல் ரெட்டமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். ஒளித்துக்கொள்ள வேண்டிய பெயரை வாசலில் எழுதி மாட்டுகிற தைரியம் அது. அவருடைய மைத்துனரான அயோத்திதாசப் பண்டிதர் நேர் எதிர்த் திசையில் போனார். இந்தப் பெயர் பகைவர்கள் சுமத்தியது, நாங்கள் பூர்வ பௌத்தர்கள், ஜாதி பேதமற்ற திராவிடர்கள் என்று வாதித்து, 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கினார். இந்த இரண்டு நிலைகளையும் நம் சிறுபத்திரிகை விமர்சனம் வெகு காலம் கண்டுகொள்ளவில்லை. சொல்லைப் பற்றி, சொல்லின் அரசியலைப் பற்றி இவ்வளவு தீவிரமாக யோசித்தவர்கள் தமிழில் குறைவு. நாமோ பாரிஸிலிருந்து கோட்பாடு வரவழைத்துக்கொண்டிருந்தோம். 1922-ல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, அரசாங்கப் பதிவுகளில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத உத்தரவாயிற்று. ஓர் அரசாங்கம், அதுவும் ஆங்கிலத்தில் நடந்த அரசாங்கம், தன் காகிதங்களில் ஒரு சொல்லை அடித்துத் திருத்த ஒப்புக்கொண்டது. ஆங்கில பாஷைக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. 2019-ல் அமெரிக்க ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த ஜோ பைடன், சவுதி அரேபியாவைப் ‘பரையா’ ஆக்கப் போவதாகச் சொன்னார். அடுத்த நாள் உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் அது வந்தது.

நான் வேலை பார்க்கும் பாங்கிக்கு ரமணாசிரமத்துப் பக்கம் குடியிருக்கும் வெளிநாட்டவர் நிறையப் பேர் வருவார்கள். ஐரோப்பியப் பெண்மணி ஒருவர், வயதானவர், தெருநாய்களுக்குச் சோறு போட்டு மருந்து கட்டுகிறவர், ஒருநாள் பணம் கட்ட வந்தார். எதற்காகப் பணம் என்று மானேஜர் மரியாதைக்குக் கேட்டார். அந்த அம்மாள் கண்ணில் நீர் கசிய, இந்த ஊர்ப் ‘பரையா நாய்கள்’ எவ்வளவு புத்திசாலிகள், எவ்வளவு நன்றியுள்ளவை என்று ஐந்து நிமிஷம் பேசினார். மானேஜரும் ஆங்கிலத்தில் ‘ஆமாம், நம் பரையா நாய்கள்’ என்று ஆமோதித்தார். காஷியர் கூண்டில் நோட்டு எண்ணிக்கொண்டிருந்த என் நண்பரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். அவர் அந்த ஜாதியைச் சேர்ந்தவர் என்பது மானேஜருக்குத் தெரியும். தமிழில் அந்தச் சொல்லை அந்த ஹாலில் சொல்ல மானேஜர் துணிந்திருக்க மாட்டார். 1989-ல் வந்த சட்டம் அவருக்கு மனப்பாடம். ஆங்கிலத்தில் சொல்லும்போது அவர் நாக்கு கொஞ்சமும் தயங்கவில்லை. ஏனென்றால் அது ஆங்கிலம்.

டீக்கடையில் நான் பேச்செடுத்தேன். “விடுங்க சார்” என்றார் நண்பர். “அந்தம்மா நாயத்தான சொன்னாங்க. நல்லாத்தான சொன்னாங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “மானேஜரு சொன்னதுதான்...” என்று ஆரம்பித்துவிட்டு டம்ளரைக் கழுவ வைத்தார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வகை விபத்தைத் திருத்தவே முடியாதா என்றால், மலேசியாவில் ஒரு தடவை திருத்தியிருக்கிறார்கள். மலாய் மொழியிலும் அந்தச் சொல் இருக்கிறது. தெருநாய்க்கு அங்கேயும் அதே அடைமொழிதான். தோட்டக்காட்டுக்குப் பிழைக்கப் போன தமிழனை வையவும் அது உபயோகமாயிற்று. அப்துல்லா ஹுசைன் 1971-ல் எழுதிய ‘இன்டர்லோக்’ என்ற நாவல் 2011-ல் கோலாலம்பூர், சிலாங்கூர் உள்ளிட்ட சில பகுதிகளில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடமாக வைக்கப்பட்டது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் சேர்ந்து வாழவேண்டும் என்ற நோக்கில் எழுதப்பட்ட நாவல். அதில் இந்தியாவிலிருந்து வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் வருகிறது. தமிழர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். முதலில் சொல்லை நீக்கித் திருத்திய பதிப்புப் போடுவதாகச் சொன்னார்கள். வருஷக் கடைசியில் புஸ்தகத்தையே பாடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கிளர்ச்சியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எதிர்த்தவர்களில் சிலருக்கு, எங்கள் குழந்தைகளைக் கேவலப்படுத்துகிற சொல் என்பது ஆட்சேபம், அது நியாயம். வேறு சிலருடைய ஆட்சேபம், எங்களை எப்படி அந்த ஜாதி என்று சொல்லலாம் என்பது. மதுரையில் நோபிலி சொன்ன அதே ‘நான் பறங்கி இல்லை’. இரண்டு குரல்களும் ஒரே கோஷத்தில் கலந்திருந்தன. ஆனாலும் திருத்தம் நடந்தது. அங்கே கேட்டவர்களுக்கு ஓட்டு இருந்தது, அதை எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் அரசாங்கத்தில் இருந்தார்கள். சவேரியாருக்குப் பரவர்கள் எப்படியோ அப்படி. ஆங்கிலத்தின் வெளியுறவு ஆசிரியர்களுக்குச் செங்கம் ரோட்டில் யார் காதில் என்ன விழுகிறது என்று கவலைப்பட ஒரு காரணமும் இல்லை.

நம்மைப் போன்று மொழிபெயர்க்கிற ஆசாமிகளுக்கு இதில் தப்பிக்க இடமில்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து ‘பரையா’ வருகிற வாக்கியத்தைத் தமிழில் என்ன செய்வது? பத்திரிகைகள் ‘ஒதுக்கப்பட்ட நாடு’ என்கின்றன. புஸ்தகங்களில் ‘விலக்கப்பட்டோர்’, ‘தீண்டப்படாதோர்’ என்று பார்த்திருக்கிறேன். நல்ல மனத்தோடு செய்ததுதான்; ஆனால் அப்படிச் செய்யும்போது சொல் நம்முடையது என்ற தடயம் அழிந்துபோகிறது. வேபரைத் தமிழில் படிக்கிறவனுக்கு, தன் தெருவின் பெயர் பெர்லின் வரை போய்த் திரும்பி வந்திருப்பது தெரியாமலே போகும். ‘பறையர்’ என்று திருப்பிப் போட்டாலோ, ஆங்கிலம் சேர்த்த இழிவையெல்லாம் நாமே நம் கையால் அந்த மக்கள் தலையில் கொட்டுவதாகும். ஆங்கிலத்துக்கு ர, ற பேதம் கிடையாது என்பது இந்த இடத்தில் கொஞ்சம் உதவுகிறது. கடல் தாண்டும்போது அந்தச் சொல் தன் வல்லின றகரத்தைத் தொலைத்துவிட்டது. பறையின் சத்தமே அந்த எழுத்தில்தான் இருக்கிறது.

ஆகவே, அரெண்டின் கட்டுரை ஒன்றை இந்தப் பத்திரிகைக்காக மொழிபெயர்த்தபோது, அந்தச் சொல்லை இடையின ரகரம் போட்டு ‘பரையா’ என்றே எழுதி, மேற்கோள் குறிக்குள் வைத்து அனுப்பினேன். இது திரும்பி வந்த சொல், இங்கிருந்து போன சொல் இல்லை என்பதற்கு அடையாளமாக. புரூஃப் வந்தது. கம்ப்யூட்டரில் அடிக்கிற பையன் இருபத்தேழு இடத்திலும் ஒழுங்காக ‘றை’ என்று மாற்றியிருந்தான். ஓரத்தில் பென்சிலால் எழுதியும் இருந்தான்: எழுத்துப் பிழை சரிசெய்யப்பட்டது.